உச்சிக்கு மேல் ஒரு குடை

கம்பவுண்டர் ஒருவருக்குக் கடைவீதி முழுவதும் குடை பிடித்துச் சென்ற பி.ஏ. பட்டதாரி என்று என்னைப் பற்றி ஓசூரில் இன்னும் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. செய்தி உண்மை. ஆனால் அதன் காரணத்தை அறிந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. காரணம் தெரியாதவர்கள் கதையை அலங்கரித்துக்கொண்டே போவதால், நானே எழுதிவைப்பது முறை என்று தீர்மானித்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் உதவியாசிரியர். சென்னையில் படித்துப் பட்டம் பெற்றவன் என்பதால் ஊரார் என்னைப் ‘பி.ஏ. வாத்தியார்’ என்றழைத்தனர். நான் அதைத் தடுக்கவில்லை. கம்பவுண்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர், குள்ளமானவர், நெற்றியில் திருநீறும் விரல்களில் டிங்ச்சர் கறையும் நிரந்தரமாகக் குடியிருந்தன. கடைவீதியில் ஒரு டாக்டரின் மருந்தறை அவர் கைவசம் இருந்தது. எங்கள் தாலுக்காவில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சர்க்கார் கச்சேரியில் தமிழ். அம்மூன்றிலும் இல்லாத நான்காவது மொழி ஒன்றைக் கம்பவுண்டர் பேசினார். அது வியாதிகளின் மொழி.

டாக்டர் நாடி பார்ப்பார், சீட்டு எழுதுவார். அவர் வாயால் நோயின் பெயர் வருவதில்லை. அதைச் சொல்லும் உரிமையைக் கம்பவுண்டர் தமக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். கலவை மருந்தைச் சீசாவில் ஊற்றி, வேளைக்கணக்கு காட்டும் பல் பல்லான காகிதப் பட்டையைச் சீசாவின் விலாவில் ஒட்டும்போதுதான் அந்த அறிவிப்பு நடக்கும். உத்தனப்பள்ளியிலிருந்து வந்த விவசாயி ஒருவரிடம் அவர் பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

“தலைவலின்னு யாருப்பா சொன்னது உனக்கு? இது செஃபலால்ஜியா.”

“அது வந்தா இன்னாங்க ஆவும்?”

“தலை வலிக்கும்.”

அந்த மனிதர் மிகுந்த திருப்தியுடன் தலையசைத்தார். தம் துன்பத்தை இவ்வளவு துல்லியமாக இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மற்றொரு நாள், ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு மாமியார்கள் வந்தனர். முதலாமவருக்கு வாய் நிறைய வரும் நீளமான பெயர் வாய்த்தது. இரண்டாமவருக்கு வந்திருந்தது வெறும் ‘கோல்டு’. அவர் மருந்தை வாங்க மறுத்துவிட்டார். கம்பவுண்டர் சற்று யோசித்து, அதற்கும் ஒரு நீண்ட பெயர் உண்டு என்று சொல்லி அனுப்பிய பிறகே அத்தெருவில் அமைதி திரும்பியது. இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நான் ஒருமுறை கண்டித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பேர் தெரியாத வரைக்கும்தான் சார் வியாதி திருடன். பேர் தெரிஞ்சுட்டா அதுவும் நம்ம ஊரு ஆளுதான்,” என்றார்.

அவரைப் பற்றி ஊரில் நிலவிய நற்பெயர்கள் இரண்டு. ஒன்று எளிமை. டெண்டு சினிமாவில் பின்வரிசை மேடைமேல் போட்ட பெஞ்சுக்குச் சீட்டு வாங்க வசதியிருந்தும் மணல் தரையிலேயே அமர்வார். மற்றொன்று பக்தி. ஊர் முழுவதும் மலைக்கோயிலுக்கு ஏறிச் செல்லும் நாட்களில் அவர் அடிவாரத்தில் நின்று, மலையை நோக்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஏன் என்று கேட்டால், மலையே லிங்கமாக இருக்கும்போது அதன்மேல் கால் வைப்பது எப்படி என்று எதிர்க்கேள்வி போடுவார். கேட்டவர்கள் கூசிப்போவார்கள். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு மூன்று முதியவர்கள் மலையேறுவதை நிறுத்திவிட்டதும் உண்டு. அவர்களுக்கு முழங்கால் வலி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவ்விரு புகழுக்கும் வேர் ஒன்றே என்பதை நான் ஒரு மருந்துச் சீட்டால் அறிந்தேன்.

மருந்தறை அலமாரியில் ஐந்து தட்டுகள். கீழ் மூன்று தட்டுகளில் இருந்தவையே ஊருக்கு எப்போதும் வழங்கப்பட்டன. மேல் தட்டுகளில் உள்ள எதையாவது டாக்டர் எழுதிவிட்டால், சரக்கு தீர்ந்துவிட்டது, பெங்களூரிலிருந்து வரவேண்டும் என்று பதில் கிடைக்கும். டாக்டர் மறதிக்காரர், மறுபடியும் அதையே தருவிப்பார். கொண்டுவரும் ஆள் அதை மேலே அடுக்கிவிட்டுப் போவான். இவ்வாறு மேல் தட்டுகள் நிறைந்துகொண்டே போயின. ஊர் கீழ்த்தட்டு மருந்திலேயே பிழைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு டாக்டர் ஒரு டானிக் எழுதினார். வழக்கமான பதில் வந்தது. நானோ சீசாவைக் கண்ணால் கண்டுவிட்டேன். “அதோ இருக்கிறதே,” என்றேன். கம்பவுண்டர் சீசாவைப் பார்த்தார், மூலையில் கிடந்த முக்காலியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த முக்காலியின்மேல் ஒரு காலை வைத்தார். மறு காலைத் தூக்கியவுடன் அவர் முகத்தில் இரத்தமே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார். “பூமி என்னைக் கூப்பிடுது சார்,” என்று மெல்லச் சொன்னார்.

நானே ஏறிச் சீசாவை எடுத்துக்கொண்டேன். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சிறுவயதில் புளியமரத்தில் ஏறி இறங்க முடியாமல் ஊரே கயிறு கட்டி இறக்கிய நாளிலிருந்து இப்படித்தான் என்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாக்குறுதி வாங்கினார்.

“கோழைன்னு சொன்னாகூடத் தாங்கிக்குவேன். சித்தம் கலங்கின வம்சம்னு சொல்லிடுவாங்க. எனக்குப் பொண்ணு இருக்குது சார்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு டானிக்குடன் வெளியேறியிருக்க வேண்டும். ஆனால் கற்றவன் என்ற நினைப்பு என்னை விடவில்லை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். ஊருக்கெல்லாம் பெயர் வழங்கியவர், தம் நோய்க்கு மட்டும் பெயர் தெரியாமல் முப்பது வருடங்களுக்கு மேல் தவித்திருக்கிறார். டாக்டரைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம்.

மறுநாள் என் பெரிய ஆங்கில அகராதியைத் துண்டில் சுற்றி எடுத்துச் சென்றேன். அக்ரோஃபோபியா என்ற சொல்லைக் காட்டினேன். அவர் அதை மூன்று முறை உச்சரித்துப் பார்த்தார். பாயசம் குடித்தவர்போல் உதடுகளைச் சுவைத்தார். பொருள் கேட்டார். கிரேக்க மொழியில் ஃபோபோஸ் என்றால் அச்சம். போர்த் தெய்வத்தின் மகனுக்கும் அதுவே பெயர் என்று விளக்கினேன். சாமி என்றால் படையல் போட்டுச் சரிக்கட்ட முடியுமா என்று விசாரித்தார். முடியாது என்றேன். அக்ரோன் என்பதை உயரம் என்று பலரும் மொழிபெயர்ப்பது பிழை என்றும், அதன் நேர்ப்பொருள் உச்சி, அதாவது ஒன்றன் ஆக மேலான முனை என்றும், வகுப்பில் சொல்வதுபோல் அழுத்தமாகச் சொன்னேன். அந்த அழுத்தத்துக்கு நான் பின்னர் விலை கொடுத்தேன்.

அவர் அலமாரியின் மேல் தட்டை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நான் உயரத்துக்குப் பயப்படல. உச்சியா இருக்கறதுக்குத்தான் பயப்படறேன்,” என்றார். பிறகு மருந்துப் பதிவேட்டை எடுத்து ஒரு கையால் தம் தலைக்கு மேலே கூரைபோல் பிடித்துக்கொண்டு முக்காலியை நோக்கி நடந்தார். இப்போது உச்சி அவரல்ல, பதிவேடு. ஒரு கால், மறு கால். ஏறி நின்றேவிட்டார். மேல் தட்டிலிருந்து ஒரு சீசாவை எடுத்துத் தூசி தட்டி எனக்குக் காட்டினார். கிரேக்கர்கள் இந்தப் பொருளில் அச்சொல்லை ஆளவில்லை என்று நான் ஆட்சேபித்தேன். “அவங்க மேல்தட்டுல மருந்து எடுத்ததில்ல சார்,” என்று பதில் வந்தது. அந்த வாரத்திலிருந்து ஊருக்கு மேல்தட்டு டானிக்குகள் கிடைக்கலாயின. சரக்கு திடீரென்று குறைவதைக் கண்டு டாக்டர் வியப்புற்றார்.

முக்காலியோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. அவருடைய மகளுக்கு ஒரு வரன் வந்தது. ஜூஜுவாடிக்கு அப்பால், அத்திப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நல்ல நிலபுலம், அடக்கமான பையன். ஒரே நிபந்தனை: அவர்கள் வீட்டுத் திருமணங்கள் தலைமுறை தலைமுறையாக ஓசூர் மலைக்கோயிலில்தான் நடக்கும். பெண்ணைப் பெற்றவர் மேலே வந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். இதே காரணத்தால் முன்பு வந்த இரண்டு வரன்களை, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அவர் தட்டிக்கழித்திருந்தார். பெண்ணுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. மூன்றாவது முறையும் ஜாதகத்தின்மேல் பழி போட்டால், பெண்ணின் ஜாதகத்திலேயே கோளாறு என்று ஊர் முடிவு கட்டிவிடும். உண்மையைச் சொன்னாலோ வம்சத்தையே சந்தேகிப்பார்கள். அவர் சம்மதம் சொல்லிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

குடை என்ற யோசனை அவருடையது. அதை நான்தான் பிடிக்க வேண்டும் என்ற யோசனையும் அவருடையதே. அவரே பிடித்துக்கொள்ளலாமே என்றேன். இரு கைகளாலும் தாம்பாளம் ஏந்திச் செல்வது பெண்ணைப் பெற்றவரின் கடமையாம். உறவினர் யாராவது பிடிக்கலாமே என்றேன். உறவினருக்கு விஷயம் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் அத்திப்பள்ளிக்கும் தெரிந்துவிடுமாம். “உச்சின்னு பொருள் சொன்னது நீங்க,” என்று முடித்தார். நான் ஒப்புக்கொண்டேன்.

முகூர்த்த நாளன்று காலை, அவர் வீட்டு வாசலிலிருந்தே புறப்பாடு. அடிவாரத்தில் குடையை விரித்தால் போதும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். இடையில் திடீரென்று விரித்தால் கேள்வி கேட்பார்கள், ஆரம்பத்திலிருந்தே விரித்திருந்தால் வழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். ஊர் மனத்தை அவர் அறிந்த அளவு நான் அறியேன். மேளம் முன்னே போக, நடுவில் தாம்பாளத்துடன் கம்பவுண்டர், அவருக்குப் பின்னால் சரிகை அங்கவஸ்திரத்துடன் நான், என் நீட்டிய கையில் குடை. என்னிடம் படிக்கும் மாணவர்கள் துணிக்கடைப் படிகளில் வரிசையாக நின்று பார்த்தனர். அழைப்பின் பேரில் வந்திருந்த எங்கள் தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன பி.ஏ., சாமரம் எங்கே?” என்று கேட்டார். நான் கேட்காததுபோல் நடந்தேன்.

அம்மலையை மலை என்பது மரியாதைக்காகத்தான். பிள்ளைகள் ஒரே மூச்சில் ஓடி ஏறுவார்கள். கம்பவுண்டருக்கோ அது இமயம். பார்வையைத் தாம்பாளத்துத் தேங்காயின்மேல் நிறுத்தி, ஒவ்வொரு படியாக ஏறினார். பத்துப் படிக்கு ஒருமுறை, உதடு அசையாமல், “குடை இருக்குதா சார்?” என்பார். இருக்கிறது என்பேன். காற்றடித்துக் குடை ஒரு கணம் சாய்ந்தபோது அவரும் அதே பக்கம் சாய்ந்தார். மலையே லிங்கம் என்று இத்தனை காலம் சொன்னீர்களே என்று வழியில் ஒரு முதியவர் கேட்டதற்கு, “அதான் குடை பிடிச்சு மரியாதையா ஏறறேன்,” என்று தேங்காயைப் பார்த்தபடியே பதில் சொன்னார். முதியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மேலே சம்பந்தி வீட்டார் காத்திருந்தனர். மாப்பிள்ளையின் தகப்பனார் ஆறடி உயரம், முறுக்கிய மீசை. எங்களைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. அவர்கள் வழக்கப்படி திருமண நாளில் குடைக்கு உரியவர் மாப்பிள்ளை ஒருவரே. காசியாத்திரைக்கென்று வைத்திருந்த அவருடைய குடை, இன்னும் விரிக்கப்படாமல் ஒரு தூணில் சாய்ந்திருந்தது. அதற்குள் பெண்ணைப் பெற்றவர், பட்டதாரி ஒருவரைப் பிடிக்கவைத்து, ஜமீன்தார்போல் குடைக்கீழ் வருகிறார். கொட்டுமேளம் தானாகவே நின்றுவிட்டது.

“பீகரே,” என்று சம்பந்தியை அவர்கள் முறையில் கன்னடத்தில் அழைத்தார் அவர். “குடை யாருக்கு?”

இத்தனை கவனமாகத் திட்டமிட்ட எங்கள் இருவருக்கும் அந்த வழக்கம் நினைவுக்கு வந்ததே இல்லை. நான் குடையை மடக்கப் போனேன். கம்பவுண்டர் முழங்கையால் என் விலாவில் இடித்தார்.

“மாப்பிள்ளைக்குத்தானுங்க,” என்றார். “மாப்பிள்ளைக்குன்னு வாங்கின புதுக்குடைய கக்கத்துல இடுக்கிட்டு வர்றது மரியாதையா? அதான் தலைக்கு மேலயே தூக்கியாந்தேன். அதையும் கூலி ஆளு கையில குடுக்கல. பி.ஏ. படிச்சவரு கையில குடுத்தேன்.”

குடை என்னுடையது. நான்கு வருடப் பழையது. அதைக் கூர்ந்து பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. மீசைக்காரரின் முகம் மலர்ந்து, கண்கூடக் கலங்கியது. அவரே வந்து என்னிடமிருந்து குடையைப் பெற்றுக் கண்ணில் ஒற்றி மகனிடம் கொடுத்தார். குடை பறிபோன கணத்தில் கம்பவுண்டர் கோயில் மண்டபத்துக்குள் பாய்ந்துவிட்டார். மேலே விமானம் இருக்கிறது. இனி அவர் உச்சியல்ல. அங்கே தாலி கட்டும்வரை கம்பீரமாக நின்றார். மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்க்கும்போது ஒரு சொட்டு நீர்கூடச் சிதறவில்லை.

இறங்குவதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை.

சாப்பாடு அடிவாரச் சத்திரத்தில். எல்லோரும் இறங்கி, உண்டு, தாம்பூலமும் வாங்கிவிட்டனர். சம்பந்தி வீட்டார் வந்த லாரியும், மணமக்களுக்கான வாடகைக் காரும் கிளம்பத் தயாராக நின்றன. ராகு காலம் பிறப்பதற்குள் புறப்பட வேண்டும். புறப்படும்போது தகப்பன் மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து மாமியார் கையில் ஒப்படைக்க வேண்டும். தகப்பனோ மேலே, கடைசிப் படிக்கு அருகில் இருந்த தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரார்த்தனையில் இருக்கிறார் என்று நான் மூன்று முறை கீழே செய்தி அனுப்பிவிட்டேன். நான்காவது முறை மேலே வந்த உறவினர், பெண் காரில் ஏற மறுக்கிறாள் என்றார். அப்பா வந்து கைப்பிடிக்காமல் போகமாட்டேன் என்கிறாளாம். மாப்பிள்ளையின் தகப்பனார், பெண்ணை வழியனுப்பக்கூட இறங்கி வராதது என்ன கௌரவம் என்று கேட்டு மீசையை முறுக்கத் தொடங்கிவிட்டாராம். இதோ வருகிறோம் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

வேறொரு குடை கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கம்பவுண்டர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“குடை ஏறத்தான் சார். உச்சி இப்ப முதுகுக்குப் பின்னால போயிடுச்சு. முன்னால இருக்கறது வேற.” மோவாயால் கீழே காட்டினார். படிகள் அவர் காலடியிலிருந்து சரிந்து, எறும்புகள்போல் மனிதர்கள் நகரும் இடத்தில் முடிந்தன. “இதுக்கு என்ன பேர்?”

எனக்குத் தெரியும். அதே அகராதியில், பல பக்கங்கள் தள்ளி, ஆழத்தைக் கண்டு அஞ்சுவது என்ற பொருளில் ஒரு கிரேக்கச் சொல் இருந்தது. முதற்சொல்லைத் தேடிய அன்றே அதையும் பார்த்துவைத்திருந்தேன். தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தெரியாத சிலவற்றைக்கூட அப்படிச் சொன்னதில்லை. ஆனால் பெயரைக் கொடுத்தால் அவர் பொருள் கேட்பார். பொருள் கிடைத்தால் அதற்கேற்ற உபாயம் தேடி அங்கேயே அமர்ந்துவிடுவார். கீழே அந்தப் பெண் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“இதற்குப் பெயர் கிடையாது,” என்றேன்.

“அகராதியில?”

“இல்லை.”

“கிரேக்கத்துல?”

“அதிலும் இல்லை. முழுவதும் பார்த்துவிட்டேன்.”

அவர் என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். “பி.ஏ. படிச்ச நீங்க சொல்றீங்க,” என்றார். “பேரே இல்லாதது எப்படி சார் வியாதியாவும்?” தூணை விட்டார். எழுந்தார். என் தோளில் ஊன்றிய அவர் விரல்களின் தடம் மறுநாள் குளிக்கும்போதும் தெரிந்தது. வேட்டி வியர்வையில் ஒட்டிக்கொண்டது. இருந்தும் ஒருமுறைகூட நிற்காமல், கண்களையும் மூடாமல் இறங்கினார். மகளின் கையைப் பற்றி மாமியார் கையில் வைத்தார். கார் கிளம்பிப் பெங்களூர்ச் சாலையில் திரும்பி மறைந்த பிறகே தரையில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அகராதியைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். மருந்துச் சீசாக்களின் புண்ணியத்தில் ஆங்கில எழுத்து அவருக்கு நன்றாகவே தெரியும். என்னுடைய புத்தகங்களில் ஓரத்தை மடிப்பவனைக்கூட நான் மன்னித்ததில்லை. அன்று காலை நான் என்ன செய்தேன் என்பதை விவரிக்கப்போவதில்லை.

வந்தார். காப்பியைத் தொடாமல், முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே போனார். தமக்குரிய சொல்லைக் கண்டதும் தெரிந்தவரைச் சந்தித்ததுபோல் தலையசைத்தார். மேலும் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. இடப்பக்கத்து எண்ணையும் வலப்பக்கத்து எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். இடையில் ஒரு தாள் இல்லை. பிளேடு வைத்து நேர்கோடாக வெட்டிய அதன் விளிம்பை மெல்லத் தடவினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எலி சார்,” என்றார். “ஓசூர்ல ரொம்ப ஜாஸ்தி.”

புத்தகத்தை மூடி, துண்டில் சுற்றி, என் கையில் கொடுத்தார். பிறகு காப்பியை நிதானமாகக் குடித்தார்.